ஈரல் கெட்டவருக்கு வயித்து ஆசிட் நல்லதா கெட்டதா?

எங்க பெரியப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி சுருங்கிப்போற வியாதி, ரெண்டு வருஷமா ஓடிட்டு இருக்கு. போன மாசம் செக்கப்புக்கு போனப்ப டாக்டர் மாத்திரை சீட்டை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, காலைல வெறும் வயித்துல போடுற கேஸ் மாத்திரையை மட்டும் பேனாவால ஒரே கோடு போட்டு அடிச்சுட்டார். பெரியம்மாவுக்கு அதுல ஒரே கோவம். "இருக்குற மாத்திரைலயே ஒரு தொந்தரவும் பண்ணாதது அது ஒண்ணுதான், அதைப் போய் நிறுத்துறாரே, அத்தனை மாத்திரை போட்டா வயிறு புண்ணாகாதா"ன்னு போன்ல என்கிட்ட அரை மணி நேரம் புலம்பல். எனக்கும் அப்ப பதில் தெரியல, நானே மூணு வருஷம் அதே மாத்திரையை தினமும் போட்டவன்தான். அப்புறம் உக்காந்து படிச்சப்பதான் வயித்துல ஊறுற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கும் ஈரலுக்கும் நடுவுல இவ்ளோ பெரிய கதை இருக்குன்னு தெரிஞ்சுது.

முதல்ல ஆசிட்டை பத்தி கொஞ்சம். பாத்ரூம் டைல்ஸ் கழுவ கடைல வாங்குறோமே அந்த ஆசிட்டும் நம்ம வயித்துல சுரக்குறதும் ஒரே சாமான்தான், அடர்த்திதான் வேற. வயித்துல இருக்குறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுதான்னு லண்டன்ல வில்லியம் ப்ரௌட்னு ஒரு டாக்டர் 1824-ல எழுதுனார். அதே காலத்துல அமெரிக்கால மேக்கினாக் தீவுல அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின்னு ஒரு இளைஞனுக்கு 1822-ல துப்பாக்கி குண்டு பட்டு வயித்துல ஓட்டை விழுந்து, ஆள் பிழைச்சுட்டார் ஆனா ஓட்டை மூடவே இல்ல, அவருக்கு வைத்தியம் பாத்த பியூமான்ட் அந்த ஓட்டை வழியா கறித்துண்டை நூல்ல கட்டி உள்ள விட்டு எவ்ளோ நேரத்துல கரையுதுன்னு வருஷக்கணக்கா பாத்துட்டு இருந்தார். இது எல்லா பாடப்புஸ்தகத்துலயும் இருக்குற கதை, இதுக்கு மேல வேண்டாம். நமக்கு வேண்டியது இதுதான்: ஆசிட் சாப்பாட்டை செரிக்க மட்டும் இல்ல, வாய் வழியா உள்ள போற கிருமில பெரும்பாலானதை அங்கேயே கொல்றதுக்கும் இருக்கு. வாயில எச்சில்ல கோடிக்கணக்குல கிருமி இருக்கு, சிறுகுடலோட மேல்பகுதில ரொம்ப கம்மி. நடுவுல நிக்குற வாட்ச்மேன் இந்த ஆசிட்.

இப்ப ஈரல் பக்கம் வருவோம். குடல்ல இருந்து கிளம்புற ரத்தம் நேரா இதயத்துக்கு போறது இல்ல. போர்ட்டல் வெயின்னு ஒரு பெரிய நாளம் வழியா முதல்ல ஈரலுக்குத்தான் போகுது. குடல்ல உற்பத்தியாகுற அமோனியா, கிருமியோட கழிவு எல்லாம் அங்க வடிகட்டப்படுது. அமோனியாவை யூரியாவா மாத்தி சிறுநீர் வழியா வெளிய தள்ளுறது ஈரலோட வேலை. அதுக்கான சுழற்சியை ஹான்ஸ் க்ரெப்ஸும் ஹென்செலைட்டும் 1932-ல கண்டுபிடிச்சாங்க.

இந்த வடிகட்டியை தாண்டி ரத்தம் போனா என்ன ஆகும்னு அதுக்கு ரொம்ப முன்னாடியே ரஷ்யாக்காரங்க பாத்துட்டாங்க. நிகோலாய் எக்னு ஒருத்தர் 1877-ல நாய்ங்களுக்கு போர்ட்டல் வெயினை ஈரலுக்கு விடாம பக்கத்துல இருக்குற பெரிய ரத்தக்குழாயோட நேரா இணைச்சுப் பாத்தார். எட்டு நாய்ல ஏழு சீக்கிரமே செத்துப்போச்சு, எட்டாவது ரெண்டரை மாசம் இருந்துட்டு லேப்ல இருந்து தப்பிச்சு ஓடிடுச்சு (அதுதான் புத்திசாலி). அப்புறம் 1893-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பாவ்லோவும் கூட இருந்தவங்களும் அதே ஆபரேஷனை பண்ணி, பிழைச்ச நாய்ங்களுக்கு கறி போட்டாங்க. கறி தின்ன நாய்க்கு வெறி மாதிரி வந்து, நடை தள்ளாடி, வலிப்பு வந்து, கடைசில கோமாவுக்கே போச்சு. கறில இருக்குற புரதத்துல இருந்து வந்த அமோனியாவை ஈரல் பிடிக்காம விட்டதுதான் விஷயம். மணி அடிச்சா எச்சில் ஊறுன நாயை வெச்சு நமக்கு தெரிஞ்ச அதே பாவ்லோவ்தான் இவர். இதுல வேடிக்கை என்னன்னா அவருக்கு 1904-ல நோபல் கிடைச்சது செரிமானத்தை பத்தின ஆராய்ச்சிக்கு, அவர் லேப்ல நாய் வயித்துல இருந்து எடுத்த ஆசிட் கலந்த ஜீரண நீரை வடிகட்டி அஜீரணத்துக்கு மருந்துன்னு வித்துட்டும் இருந்தாங்க. வயித்து ஆசிட்டும் ஈரல் மயக்கமும் ஒரே லேப்ல பக்கத்து பக்கத்து ரூம்ல இருந்திருக்கு, ஆனா ரெண்டையும் முடிச்சு போட்டுப் பாக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஈரல் கெட்டவங்களுக்கு வர்ற இந்த புத்தித் தடுமாற்றத்தை பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும். பெரியப்பாவுக்கு முதல் தடவை வந்தப்ப யாருக்கும் புரியல. ராத்திரி பூரா முழிச்சுட்டு இருப்பார், பகல்ல உக்காந்த இடத்துலயே தூங்குவார். பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகலன்னு செக் திரும்பி வந்துச்சு, முப்பது வருஷமா போட்ட கையெழுத்து, கோடு கோணல் மாணலா கீழ இறங்கிப் போயிருந்துச்சு. ஆஸ்பத்திரில ரெண்டு கையையும் நீட்டி டிராஃபிக் போலீஸ் நிறுத்துற மாதிரி உள்ளங்கையை நிமுத்தி வைங்கன்னாங்க, வெச்சா மணிக்கட்டு ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை சட்டுன்னு கீழ விழுந்து திரும்ப எழும்புது, பறவை சிறகை அடிக்கிற மாதிரி. இந்த அடையாளத்தை பாஸ்டன்ல ஆடம்ஸும் ஃபோலியும் 1949 வாக்குல விவரிச்சாங்க. 1954-ல லண்டன்ல ஷீலா ஷெர்லாக் குழு, குடல்ல இருந்து ஈரலை தாண்டி மூளைக்குப் போற ரத்தம்தான் இதுக்கு காரணம்னு தெளிவா எழுதுனாங்க.

சரி, இதுல கேஸ் மாத்திரை எங்க வருது?

1976-ல இங்கிலாந்துல ஆசிட் சுரப்பை குறைக்கிற சிமெட்டிடின்னு மாத்திரை வந்துச்சு, அதுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல நோபல். அதே 1988-ல ஸ்வீடன்ல ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்துச்சு. இது ஆசிட் சுரக்குற செல்லோட பம்பையே பூட்டிடும், அதனாலதான் பிபிஐ, ப்ரோட்டான் பம்ப் இன்ஹிபிட்டர்னு பேர். பாண்டோப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் எல்லாம் அதோட தம்பிங்க. அல்சர் ஆபரேஷன்னு ஒண்ணையே கிட்டத்தட்ட இல்லாம பண்ணுன மருந்து, அதோட பெருமையை யாரும் குறைக்க முடியாது. பிரச்சனை என்னன்னா எந்த மாத்திரை எழுதுனாலும் கூடவே இதையும் ஒண்ணு எழுதுற பழக்கம் வந்துடுச்சு, ஒருதடவை சீட்டுல ஏறுனா அப்புறம் அதை இறக்க ஆள் இல்ல.

ஆசிட் போனா வாட்ச்மேன் போயாச்சு. வாய்ல இருக்க வேண்டிய கிருமி குடலுக்கு இறங்குது. இது வெறும் யூகம் இல்ல, அமெரிக்கால வர்ஜீனியால ஜஸ்மோகன் பஜாஜ் குழு 15 சிரோசிஸ் நோயாளிகளுக்கும் ஈரல் நல்லா இருக்குற 15 பேருக்கும் 14 நாள் தினமும் 40 மில்லிகிராம் ஒமிப்ரசோல் குடுத்து மலத்தை சோதிச்சாங்க, 2014-ல வந்த ஆய்வு. ரெண்டு வாரத்துலயே வாய்ல வாழுற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்து கிருமிங்க ரெண்டு பக்கமும் பெருகி இருந்துச்சு. நல்ல ஈரல் இருக்குறவருக்கு இது பெருசா ஒண்ணும் பண்ணாது, வர்றதை வடிகட்டிடும். சிரோசிஸ் ஆளுக்கு வடிகட்டியும் ஓட்டை, போர்ட்டல் வெயின்ல அழுத்தம் ஏறி ரத்தம் பக்கத்து சந்து வழியா ஈரலை சுத்திட்டு போயிட்டு இருக்கு, எக் பண்ணுன ஆபரேஷனை உடம்பே தனக்குத்தானே பண்ணிக்கிட்ட மாதிரி.

இதை பெரிய கணக்குல பாத்தது டென்மார்க் காரங்க. சட்டாவாப்டான்னு ஒரு மருந்தை வயித்துல நீர் கோத்த சிரோசிஸ் நோயாளிகளுக்கு குடுத்துப் பாத்த பழைய சோதனைங்க இருந்துச்சு, மருந்து தேறல ஆனா 865 பேரோட விவரம் சுத்தமா பதிவாகி இருந்துச்சு. அதை எடுத்து கித்தே டாம் குழு 2016-ல அலசுனாங்க. ஆரம்பத்துல பிபிஐ போட்டுட்டு இருந்தவங்கள்ல ஒரு வருஷத்துல 31 சதவீதம் பேருக்கு புத்தித் தடுமாற்றம் வந்துச்சு, போடாதவங்கள்ல 25. வயசு, ஈரலோட நிலை எல்லாத்தையும் சரிக்கட்டி பாத்தாலும் ஆபத்து 1.36 மடங்கு. அடுத்த வருஷம் தைவான்ல நாட்டோட ஹெல்த் இன்சூரன்ஸ் பதிவை வெச்சுப் பாத்தவங்க, மாத்திரை டோஸ் கூடக்கூட ஆபத்தும் படிப்படியா ஏறுதுன்னு காட்டுனாங்க.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். 31-க்கும் 25-க்கும் வித்தியாசம் ஆறுதான். அதைவிட முக்கியமா, யாருக்கு டாக்டர் பிபிஐ எழுதுவார்? ஏற்கனவே நிலைமை மோசமா இருக்குறவருக்குத்தான். அப்போ மாத்திரையால மோசமானாரா, மோசமா இருந்ததால மாத்திரை வந்துச்சான்னு பிரிக்கிறது கஷ்டம். மழை பெய்யுற அன்னைக்கெல்லாம் குடை தெரியுது, அதுக்காக குடையாலதான் மழைன்னு சொல்ல முடியுமா. இதுக்கு நல்ல உதாரணம் வயித்து நீர்ல வர்ற கிருமித் தொற்று. பஜாஜ் குழுவே 2009-ல தொற்று வந்த 70 பேரையும் வராத 70 பேரையும் ஒப்பிட்டாங்க, தொற்று வந்தவங்கள்ல 69 சதவீதம் பேர் பிபிஐ போட்டுட்டு இருந்தாங்க, வராதவங்கள்ல 31. பயங்கர வித்தியாசம். ஆனா 2015-ல அர்ஜென்டினா பக்கம் பல ஆஸ்பத்திரி சேந்து நோயாளிகளை முன்கூட்டியே பதிவு பண்ணி பின்தொடர்ந்து பாத்தப்ப சம்பந்தமே தெரியல. என்னைக் கேட்டா அந்த 2009 ஆய்வுல மறக்க முடியாத எண் வேற ஒண்ணு: தொற்று வந்து பிபிஐயும் போட்டுட்டு இருந்தவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு அந்த மாத்திரை ஏன்னு காரணமே சீட்டுல இல்ல.

குடையா மழையான்னு பிரிச்சுப் பாக்க ஒரு வழி விலங்குல சோதிக்கிறது, அதை சான் டியேகோல பெர்ண்ட் ஷ்னாப்ல் லேப் பண்ணுச்சு, 2017-ல வந்துச்சு. ஆசிட் பம்ப் மரபணுவுலயே வேலை செய்யாத எலி ஒரு பக்கம், பிபிஐ குடுத்த எலி இன்னொரு பக்கம். ரெண்டுலயும் ஆசிட் இல்லாம போனதும் குடல்ல என்டெரோகாக்கஸ் கிருமி பெருகி, ஈரலுக்கு போய், சாராயம் குடுத்த எலியோட ஈரலை இன்னும் மோசமாக்குச்சு. கொழுப்பு ஈரல் எலிலயும் அதே கதை. மாத்திரை இல்லாம மரபணு மட்டும் மாத்துன எலிக்கும் அப்படியே ஆனதால, இது மருந்தோட விஷம் இல்ல, ஆசிட் இல்லாம போனதோட விளைவுன்னு தெரியுது. கூடவே டென்மார்க்ல குடிக்கு அடிமையான 4830 பேரோட பதிவையும் பாத்தாங்க: பத்து வருஷத்துல குடியால வர்ற ஈரல் நோய், பிபிஐயே போடாதவங்களுக்கு கிட்டத்தட்ட 12 சதவீதம், முன்னாடி போட்டு விட்டவங்களுக்கு 16, போட்டுட்டே இருக்குறவங்களுக்கு 21. எலியும் ஆளும் ஒரே திசைல கை காட்டுறப்ப எனக்கு கொஞ்சம் நம்பிக்கை வருது.

இதை இங்கேயே நிறுத்துனா "கேஸ் மாத்திரை ஈரலுக்கு விஷம்"னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் கிளம்பிடும். அது தப்பு, ஏன்னா இதுக்கு நேர் எதிரான கதை ஒண்ணு இருக்கு.

சிரோசிஸ் வருஷக்கணக்குல மெதுவா வர்றது. நல்லா இருந்த ஈரல் சில நாள்ல இருந்து சில வாரத்துக்குள்ள மொத்தமா படுத்துடுறது வேற, அக்யூட் லிவர் ஃபெயிலியர், மஞ்சக்காமாலை வைரஸ், பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போறது, விஷம்னு காரணம் பல. ரத்தத்தை உறைய வைக்கிற புரதம் எல்லாம் ஈரல்ல செய்யுறது, ஈரல் நின்னா ரத்தம் உறையாது, அந்த நேரத்துல வயித்துச் சுவர்ல ஆசிட் பட்டு சின்ன புண் வந்தாலே கசிஞ்சுட்டே இருக்கும். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரில ரோஜர் வில்லியம்ஸ் குழு 1977-ல இதை சோதிச்சுப் பாத்தாங்க. ஆசிட் சுரப்பை குறைக்கிற மருந்து குடுத்த 26 பேர்ல ஒருத்தருக்குத்தான் ரத்தக்கசிவு, குடுக்காத 24 பேர்ல 13 பேருக்கு. வெறும் ஆன்டாசிட் குடுத்து ஆசிட்டை முறிச்சவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல. இவ்ளோ சின்ன சோதனைல இவ்ளோ பெரிய வித்தியாசம் அபூர்வம். ஐசியூல அந்த மாதிரி கேஸுக்கு இன்னைக்கும் ஆசிட் குறைக்கிற மருந்து குடுக்குறதுக்கு பின்னாடி இருக்குறது இதுதான். அங்க ஆசிட் எதிரி.

சிரோசிஸ்ல ரத்த வாந்தி வர்றது பெரும்பாலும் ஆசிட் புண்ணால இல்ல, உணவுக்குழாய்ல வீங்கி நிக்குற ரத்தநாளம் அழுத்தம் தாங்காம வெடிக்கிறதால. அதுக்கு கேஸ் மாத்திரை ஒண்ணும் பண்ணாது, அழுத்தத்தை குறைக்கிற மருந்தும் எண்டோஸ்கோபில ரப்பர் பேண்டு போடுறதும்தான் வைத்தியம். பேண்டு போட்ட இடத்துல புண் ஆறுற வரைக்கும் கொஞ்ச நாள் பிபிஐ குடுப்பாங்க, அது சரி. ரத்த வாந்தியோட வர்றவருக்கு எண்டோஸ்கோபிக்கு முன்னாடியே பிபிஐ ஆரம்பிச்சா, உள்ள பாத்த பிறகு உறுதியான காரணம் இல்லன்னா உடனே நிறுத்துங்கன்னு 2022-ல ஈரல் நிபுணருங்க சேந்து வெளியிட்ட பவேனோ வழிகாட்டுதல் சொல்லுது. நடைமுறைல "கொஞ்ச நாள்" டிஸ்சார்ஜ் சம்மரில ஏறி "தொடரவும்"னு ஆகிடுது. பெரியப்பா கதையும் இதேதான், ரெண்டு வருஷம் முன்னாடி பேண்டு போட்டப்ப எழுதுனது.

நிறுத்தணும்னு எல்லாருக்கும் சொல்லிடவும் முடியாது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிங்கள்ல 76,000-க்கு மேல சிரோசிஸ் நோயாளிகளை பாத்து 2022-ல வந்த ஆய்வுல, இரைப்பை குடல் ரத்தக்கசிவுக்காக அட்மிட் ஆனவங்களுக்கு பிபிஐ உயிரிழப்பை குறைச்சிருந்துச்சு, மத்தவங்களுக்கு கடுமையான தொற்று கூடியிருந்துச்சு. ஒரே மாத்திரை, ஆளைப் பொறுத்து ரெண்டு முகம். டோஸும் ஒரு விஷயம்: இந்த மாத்திரைங்களை உடைச்சு வெளியேத்துறதே ஈரல்தான், கெட்ட ஈரல்ல அது ரத்தத்துல ரொம்ப நேரம் தங்கும், அதனாலதான் எசோமிப்ரசோல் ஈரல் ரொம்ப மோசமானவருக்கு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம்னு சொல்றாங்க.

இது வரைக்கும் வயித்து ஆசிட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை நேரா ரத்தத்துல ஏத்துற வைத்தியமும் இருக்குன்னு படிச்சப்ப நான் திரும்ப ஒருதடவை படிச்சேன்.

அமோனியாவுக்கு ரெண்டு வேஷம் உண்டு. ஆசிட் பக்கம் இருந்தா அமோனியம், மின்சுமை இருக்கும், செல் சுவரை சுலபமா தாண்டாது. காரம், அதாவது ஆசிட்டுக்கு எதிர் குணம், ஏறுனா அமோனியா வாயு, எந்தச் சுவரையும் நழுவி தாண்டி மூளைக்கு போயிடும். சாதாரண ரத்தத்துல 98 சதவீதம் அமோனியமா இருக்கும். பிஹெச், அதாவது ஆசிட்டா காரமான்னு அளக்குற எண், 0.3 ஏறுனாலே வாயு ரெண்டு மடங்கு ஆகிடும். ஈரல் நோயாளிக்கு ரத்தம் காரமாக ஆயிரம் வழி: நீர் இறங்க குடுக்குற மாத்திரை, ஓயாத வாந்தி, ஏத்துற ரத்தத்துலயும் பிளாஸ்மாவுலயும் உறையாம இருக்க கலக்குற சிட்ரேட். பொட்டாசியமும் குறைஞ்சா கிட்னியே கூடுதல் அமோனியா செய்ய ஆரம்பிச்சுடும். முதல் வைத்தியம் சலைனும் பொட்டாசியம் குளோரைடும்தான், பெரும்பாலும் அதுலயே சரியாயிடும். சரியாகலன்னா மத்தவங்களுக்கு அமோனியம் குளோரைடு குடுக்கலாம், ஆனா ஈரல் செத்தவருக்கு அது கூடாது, அதை யூரியாவா மாத்தவே ஈரல் வேணும். பாஸ்டன்ல 1952-ல சிரோசிஸ்காரங்களுக்கு உடம்பு நீர் இறங்கட்டும்னு அமோனியம் கலந்த ரெசின் பவுடர் குடுத்து, ஆளுங்க குழம்பி கை நடுங்கி மயக்கத்துக்கு போய், நிறுத்துனதும் தெளிஞ்ச கதை பதிவாகி இருக்கு. அர்ஜினைன் ஹைட்ரோகுளோரைடுன்னு இன்னொண்ணு, அது கடுமையான ஈரல் நோயாளிங்களுக்கு பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏத்துனதா 1978-ல எழுதுனாங்க.

அப்போ மிச்சம் இருக்குறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டே. ஒரு லிட்டருக்கு 100 மில்லிமோல் அளவுக்கு நீத்து, கழுத்துக்கு பக்கத்துல இருக்குற பெரிய நாளத்துல சென்ட்ரல் லைன் போட்டு, மணிக்கணக்குல சொட்டு சொட்டா விட்டு, நடுநடுவுல ரத்தத்தை எடுத்து பிஹெச் பாத்துட்டே இருப்பாங்க. கை நரம்புல ஏத்துனா நரம்பு வெந்துடும், வெளிய கசிஞ்சா தசை அழுகிடும். அந்த பாட்டில்ல இருக்குற ஆசிட்டோட வீரியம் கிட்டத்தட்ட நம்ம வயித்துல இருக்குற அளவுதான். அத்திப்பூத்த மாதிரி எப்பவாவது, ஐசியூல மட்டும் பண்றது.

இதே வேதியியலை இன்னும் சாதுவா பண்றதுதான் லாக்டுலோஸ் சிரப், 1966-ல இருந்து புழக்கத்துல இருக்கு. செரிக்காத சர்க்கரை அது, பெருங்குடல்ல கிருமி அதை புளிக்க வெச்சு ஆசிட் ஆக்கும், அமோனியா அமோனியமா மாறி மலத்தோடயே வெளிய போயிடும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல அந்த பாட்டில் பிசுபிசுன்னு ஒட்டிட்டு நிக்கும், ஸ்பூனை எடுத்தா தட்டும் கூடவே வரும். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை வெளிக்கு போகணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். ஒரு பக்கம் பெருங்குடல்ல ஆசிட் உண்டாக்க சிரப், இன்னொரு பக்கம் வயித்து ஆசிட்டை நிறுத்த மாத்திரை, ரெண்டு வருஷம் ரெண்டையும் சேத்து குடுத்திருக்கோம்.

ஆசிட் நல்லதுன்னா வெளிய இருந்து சாப்பிடலாமேன்னு பீட்டைன் ஹைட்ரோகுளோரைடுன்னு கேப்ஸ்யூல் ஆன்லைன்ல விக்கிறாங்க. செரிமானத்துக்கு உதவும்னு நிரூபணம் இல்லன்னு அமெரிக்க எஃப்டிஏ 1993-லயே ஒதுக்குன ஐட்டம் அது. உணவுக்குழாய்ல நாளம் வீங்கி நிக்குறவர் அதை முழுங்குறதை நினைச்சாலே பயமா இருக்கு.

பிபிஐயை நீங்களா திடீர்னு நிறுத்தவும் வேண்டாம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவரா இருக்கலாம், நிஜமா அல்சர் இருக்கலாம், டாக்டர்கிட்ட "இது எதுக்கு எழுதுனது"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாள்பட போட்டுட்டு சட்டுன்னு விட்டா ஆசிட் பழைய அளவை தாண்டி பொங்கும், சில வாரம் நெஞ்சு எரியும், மாத்திரை இல்லாம முடியாது போலன்னு தோணும். பெரியப்பாவுக்கும் பத்து நாள் எரிஞ்சுது, மோர் குடிச்சே சமாளிச்சார், இப்ப இல்ல.

பெரியம்மாகிட்ட இவ்ளோத்தையும் போன்ல சொல்லி முடிச்சேன், பாவ்லோவ் நாய் உட்பட. எல்லாத்துக்கும் ம்ம் ம்ம்னு கேட்டுட்டு, "சரிடா, வீட்ல இன்னும் நாலு அட்டை பிரிக்காம இருக்கு, மெடிக்கல்ல திருப்பி எடுத்துக்குவானா"ன்னு கேட்டாங்க.